வேலுத்தாய் சாப்பிட்ட நாலு சதவீதம்

வேலுத்தாய் தக்காளி வாங்குவதை நிறுத்திவிட்ட விஷயம் அடுத்த வீட்டுக்குத் தெரிவதற்கு முன்பே அரசாங்கத்துக்குத் தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில் அரசாங்கம் அவள் வீட்டு அடுப்படி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

அரசாங்கத்தின் பெயர் பாண்டிமுருகன். காரியாபட்டிக்காரன், முப்பது வயசு. விருதுநகரில் நுகர்வுக் குறியீட்டு மண்டல அலுவலகத்தில் கள ஆய்வாளராக இருந்தான். மாதம் இரண்டு தடவை பைக்கில் ஏழாயிரம்பண்ணை வரை வந்து, அங்கிருந்து கருவேலங்காட்டுக்குள் மூன்று கிலோமீட்டர் புழுதி குடித்து வருவான். வந்ததும் ஒரு செம்பு தண்ணீர். அப்புறம் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு, அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று வரிசையாகக் கேட்பான்.

"தக்காளி?"

"வாங்கலை சார். கிலோ எம்பது ரூவா சொன்னான். புளியக் கூடக் கொஞ்சம் கரைச்சு ஊத்திட்டேன்."

தக்காளி, சுழியம் என்று தட்டினான். டேப்லெட் சற்று யோசித்துவிட்டு, காய்கறிச் செலவு குறைந்துள்ளது என்று பச்சை எழுத்தில் காட்டியது.

"குறையலையே சார். வாங்கத்தான இல்லை."

"இதுக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றான் பாண்டிமுருகன்.

வேலுத்தாய் இருபத்தெட்டு வருஷம் ஊராட்சிப் பள்ளியில் சத்துணவு சமைத்தவள். நூற்றுச் சொச்சம் பிள்ளைகளுக்குச் சோறு வடித்துவிட்டு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் அறுபதாவது வயசில் ஓய்வு பெற்றாள். பென்ஷன் மாதம் இரண்டாயிரம். புருஷன் முத்துக்கருப்பன் தீப்பெட்டி ஆபீஸிலும் வெடி ஆபீஸிலுமாக முப்பது வருஷம் மருந்து வாடை பிடித்து, இப்போது கட்டிலோடு இருந்தார். நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும். மகன் முனியராஜ் ஒரு வெடிக் கம்பெனியில் வேலை பார்த்தான். அக்கா கல்யாணத்துக்கு அவன் வாங்கிய முன்பணத்துக்கு வாரத்தில் நாலு நாள் கூலி கழிந்துவிடும். மீதி இரண்டு நாள் கூலி வீட்டுக்கு வரும்.

முனியராஜ் வெடித் தொழிலாளி என்பதால் அந்த வீடு மாவட்டத்தின் மாதிரித் தொழிலாளர் குடும்பமாகத் தேர்வாகியிருந்தது. நூறு குடும்பங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் விதி. சிக்கன நடவடிக்கையாக நூறு ஒன்றாகக் குறைக்கப்பட்டு, கிடைக்கும் விடையை நூறால் பெருக்கிக்கொள்ளலாம் என்று சுற்றறிக்கை வந்திருந்தது.

"இதெல்லாம் எதுக்கு சார் கேக்கீக?" என்று ஒருநாள் வேலுத்தாய் கேட்டாள்.

"நீங்க என்ன வாங்கித் திங்கிறீகளோ அத வச்சுத்தாம்மா விலைவாசி ஏறியிருக்கா இல்லையான்னு கண்டுபிடிக்கோம். அத வச்சுத்தான் பென்ஷன்காரங்களுக்கு ஆறு மாசத்துக்கு ஒருக்க அகவிலைப்படி போடுறாக. விலைவாசி ஏறுனா பென்ஷனும் ஏறும்."

"நானும் பென்ஷன்காரிதான சார்."

பாண்டிமுருகன் டேப்லெட்டை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான்.

"உங்களது சிறப்புப் பென்ஷன்மா."

"சிறப்புன்னா நல்லதுதான?"

"சிறப்புன்னா ஏறாது" என்றான்.

கார்த்திகை மாதம் லைசென்ஸ் சோதனை என்று கம்பெனியை மூன்று வாரம் மூடினார்கள். முனியராஜுக்குக் கூலி இல்லை. முத்துக்கருப்பனுக்கு வாங்கும் இன்ஹேலர் நானூற்று எண்பது ரூபாய். சர்க்கார் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுப்பார்கள். இன்ஹேலர் கேட்டால் வந்தால் சொல்கிறோம் என்பார்கள். அந்த மாதம் அவள் அதை வாங்கவில்லை. மருத்துவச் செலவு சுழியம் என்று பாண்டிமுருகன் தட்டியதும், குடும்பத்தின் உடல்நலம் மேம்பட்டுள்ளது என்று டேப்லெட் சொன்னது. உள்ளே முத்துக்கருப்பன் இருமி முடிக்கிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, அவன் அதை அப்படியே அனுப்பிவைத்தான்.

இப்படியாகத் தக்காளி போய், மருந்து போய், வாரம் ஒரு முட்டையும் போனது. விருதுநகரில் விலைவாசி தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. ஜனவரிக்கு அகவிலைப்படி ஒரு சதவீதம் என்று அறிவித்தார்கள். முந்தைய தடவை மூன்று.

மாசி பிறந்த வாரம், இரண்டு கார்கள் வேலுத்தாய் வீட்டு முன்னால் வந்து நின்றன. ஏழு பேர் வந்திருந்தார்கள். நாலு பேருக்கு முட்டிவலி என்பதால் அவர்கள் காரிலேயே இருந்துகொண்டார்கள். இறங்கிய மூவரில் தும்பைப்பூ மாதிரி வேட்டி கட்டியவர் தனுஷ்கோடி. கருவூலத்தில் முப்பத்து நாலு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அனைத்துத் துறை ஓய்வு பெற்றோர் பேரவையின் மாவட்டத் தலைவர். மாதிரிக் குடும்பத்தின் விலாசம் ரகசியம் என்பதால், அதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வாரம் பிடித்திருந்தது.

"தாயி, நீங்க தக்காளி வாங்காததுனால எனக்கு மாசம் ஆயிரத்து நூறு ரூவா நட்டம்" என்று ஆரம்பித்தார்.

வேலுத்தாய்க்கு ஒன்றும் ஓடவில்லை. "உங்களுக்கும் எனக்கும் என்ன அய்யா வரவு செலவு?" என்றாள்.

"மூணு சதவீதம் வந்திருக்கணும். ஒண்ணு வந்திருக்கு. எனக்கு மட்டுமில்ல, இந்த மாவட்டத்துல இருவதாயிரம் குடும்பத்துக்கு நட்டம். அதுல பாதி பேரு பிளட் பிரஷர்காரங்க."

"எம்பது ரூவா வித்துச்சே அய்யா, நான் என்ன செய்ய?"

"வித்தா வாங்கணும். விலை ஏறுதுங்கிறது வாங்குறவனுக்குத்தான் தெரியும். நீங்க வாங்காம விட்டா ஏறுன விலை ஏறாத மாதிரி ஆகிப்போகுது. நான் கருவூலத்துல பாத்திருக்கேன், தாயி. ஏழைங்க சிக்கனமா இருக்குறது ரொம்ப ஆபத்து. நாட்டுல யாரும் கஷ்டப்படலைன்னு கணக்கு வந்துரும். நீங்க வாயக் கட்டுறது எங்க வயித்துல அடிக்குது."

அவர் கையசைத்ததும் கார் டிக்கியிலிருந்து இரண்டு கிலோ ஆட்டுக்கறி, ஆப்பிள், பருப்பு, நல்லெண்ணெய், ஒரு கூடைத் தக்காளி எல்லாம் இறங்கின. இருபத்தெட்டு வருஷம் மற்றவர்களுக்கு அளந்து போட்ட கை, அவ்வளவையும் ஒரே வீட்டுக்குள் வைக்க இடமில்லாமல் தடுமாறியது.

ஆனால் அடுத்த தடவை வந்த பாண்டிமுருகன், இனாமாக வந்தது செலவில் சேராது என்றான். பேரவை அவசரக் கூட்டம் போட்டது. வேலுத்தாய் ஊட்டச்சத்து உபகுழு என்று ஒன்று அமைக்கப்பட்டது. வாரா வாரம் கவரில் பணம் வரும். அவளே கடைக்குப் போக வேண்டும், அவளே வாங்க வேண்டும், பில் வாங்க வேண்டும். இது செலவில்லை, முதலீடு என்று பொருளாளர் விளக்கியதும் உறுப்பினர்கள் தலைக்கு இருபது ரூபாய் மனமுவந்து கொடுத்தார்கள்.

என்ன சாப்பிட வேண்டும் என்பதையும் உபகுழுவே முடிவு செய்தது. பசியையோ ருசியையோ வைத்து அல்ல. எந்தப் பொருளின் விலை வேகமாக ஏறுகிறதோ அதை. பங்குனி மாதம் பூண்டு ஏறியது. ஒரே வாரத்தில் நாலு கிலோ பூண்டு வாங்கச் சொன்னார்கள். பூண்டுக் குழம்பு, பூண்டுத் துவையல், பூண்டுக் கஞ்சி. முனியராஜ் வேலைக்கு வேனில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர்கள் ஜன்னலைத் திறந்துகொண்டார்கள். அக்கம்பக்கத்தில் கொடுக்கக் கூடாது, நுகர்வு வீட்டுக்குள்ளேயே நடக்க வேண்டும் என்பது நிபந்தனை. வேலுத்தாய் முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுபோய், நிறைமாதமாக இருந்த பக்கத்து வீட்டுப் பாண்டிமீனாவுக்குக் கொடுத்தாள். சொந்தச் சாப்பாட்டைத் திருடிக் கொடுத்த பாவம் அவளுக்கு முதல்முறையாக வாய்த்தது.

அவளாக உபகுழுவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அய்யா, பூண்டுக்குப் பதிலா அவுகளுக்கு இன்ஹேலர் வாங்கிக்கிடலாமா?"

உபகுழு அதைப் பரிசீலித்தது. பதிலாக முடியாது, ஆனால் கூடுதலாக வாங்கலாம் என்றது. மருந்து விலை அந்த வருஷம் பத்து சதவீதம் ஏறியிருந்ததுதான் காரணம்.

முத்துக்கருப்பன் காலையிலும் மாலையிலும் மருந்தை உறிஞ்சினார். ஒரு மாதத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். சித்திரையில் ஒரு நாள் வேலுத்தாய் குழாயடியிலிருந்து வந்து பார்த்தபோது கட்டில் காலியாகக் கிடந்தது. பதறிப்போய்த் தேடினால், மனுஷர் பஸ் நிறுத்தத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன இங்கன வந்து உக்காந்திருக்கீக?"

"சும்மா நடந்து பாத்தேன். வந்துட்டேன்" என்றார் அவர். இரண்டு வருஷமாக அவர் ஒரே மூச்சில் இரண்டு வாக்கியம் பேசி அவள் கேட்டதில்லை. அன்று ராத்திரி உபகுழு சொன்னதற்கு மேலேயே கால் கிலோ பூண்டு உரித்தாள்.

சித்திரை முடிவதற்குள் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பொருள்: அசாதாரண நுகர்வு குறித்து விளக்கம் கோருதல். வேலுத்தாய் சாத்தூரில் பஸ் மாறி விருதுநகர் போய்ச் சேர்ந்தாள். உதவி இயக்குநர் கனகசபாபதி குளிர்சாதன அறையில், மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் நாற்காலி இல்லை. பாண்டிமுருகன் கைகட்டிச் சுவரோரமாக நின்றான்.

"மார்ச் மாதம் தாங்கள் ஆட்டுக்கறி மூன்று கிலோ உட்கொண்டதாகப் பதிவாகியிருக்கிறது. உண்மையா?"

"ஆமா சார்."

"ஏன்?"

இருபத்தெட்டு வருஷச் சமையலில் இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. "கறி வாங்குனேன். கொழம்பு வச்சேன். தின்னோம்" என்றாள்.

கனகசபாபதி கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, நான் முப்பத்தாறு வருஷமாக இந்த நாட்டின் விலைவாசியைக் கட்டுக்குள் வைத்திருக்கிறேன். எப்படி வைத்திருக்கிறேன்? உங்களைப் போன்றவர்களை நம்பி. அரிசி ஏறினால் நீங்கள் கஞ்சிக்குப் போவீர்கள். கஞ்சியும் ஏறினால் ஒருவேளைக்குப் போவீர்கள். உங்களுடைய அந்த ஒழுக்கத்தின் மேல்தான் நிதிநிலை அறிக்கையே நிற்கிறது. திடீரென்று நீங்கள் ஆப்பிள் சாப்பிட ஆரம்பித்தால் மேலே நான் என்ன பதில் சொல்வேன்? ஒரு ஏழை ஆப்பிள் சாப்பிட்டால் அது பழம். மாதிரிக் குடும்பம் சாப்பிட்டால் அது மாவட்டம் முழுவதும் சாப்பிட்ட மாதிரி."

பிறகு பாண்டிமுருகனைப் பார்த்து வெளியே போகும்படி கண்ணைக் காட்டினார். கதவு சாத்திக்கொண்டதும் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, குரலை இறக்கினார். பேச்சும் ஊர்ப் பேச்சாக இறங்கியது.

"ஜூலை முப்பத்தொண்ணு நான் ரிட்டயர்டும்மா. அன்னைக்கு என்ன அகவிலைப்படியோ அதச் சேத்துத்தான் எனக்குப் பணிக்கொடை. ஒரு சதவீதம் கூடுனாக்கூட எனக்குப் பெருசு. மகளுக்கு மாப்பிள்ளை பாத்திருக்கேன்."

"நான் என்ன செய்யணும் சார்?"

"பூண்டக் குறைச்சுக்கிடுங்க. பூண்டு கண்ணுக்குத் தெரியுது. கறி, எண்ணெய், மருந்து, இத ஜூன் வரைக்கும் நல்லாக் கூட்டிக்கிடுங்க."

எழுத்து மூலமாக, இனி இவ்வாறு நிகழாதபடி எச்சரித்து விடப்பட்டதாக உத்தரவு கொடுத்தார்.

அவள் கிளம்பாமல் நின்றாள். "சார், நான் திங்கிறத வச்சு எல்லாருக்கும் ஏறுது. எனக்கும் அந்தப் படியப் போடச் சொல்லி எழுதிக் குடுத்தா ஆகுமா?"

"தாராளமா குடுங்க. மனுக் குடுக்கிறது ஜனநாயகம்" என்றார் கனகசபாபதி, பழைய குரலுக்குத் திரும்பி.

கீழே டீக்கடையில் வைத்து பாண்டிமுருகன் தன் கையாலேயே மனு எழுதிக் கொடுத்தான். ஓய்வு பெற்ற நாளில் இரண்டாயிரத்துக்கு வந்த சாமான் இப்போது வரவில்லை என்பதை இரண்டு வரியில் எழுதி, மீதி ஒரு பக்கத்துக்குப் பார்வை எண்களும் பணிவும் எழுதினான். டீக்கும் அவனே காசு கொடுத்தான்.

ஜூன் முப்பதோடு அரையாண்டு முடிந்தது. ஜூலை முதல் வாரம் கவர் வரவில்லை. இரண்டாவது வாரம் வேலுத்தாய் பாண்டிமுருகனுக்குப் போன் போட்டபோது அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். தொழிலாளர் குடும்பம் சாப்பிடுவதுபோல் அவர்கள் சாப்பிடாத காரணத்தால் அந்தக் குடும்பம் மாதிரித் தன்மையை இழந்துவிட்டது. திருத்தங்கலில் அச்சு ஆபீஸில் வேலை பார்க்கும் ஒருவர் வீட்டைப் புதிதாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஊட்டச்சத்து உபகுழுவும் பெயர் மாறித் திருத்தங்கலுக்குப் போய்விட்டது.

ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. அகவிலைப்படி நாலு சதவீத உயர்வு, ஜூலை முதல் தேதியிட்டு. பேரவை விருதுநகரில் கல்யாண மண்டபம் பிடித்து வெற்றி விழா எடுத்தது. வாசலில் பத்தாயிரம் வாலா கொளுத்தினார்கள். வேலுத்தாய்க்குக் கார் அனுப்பி அழைத்துவந்து, மேடையில் ஓரத்து நாற்காலியில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள்.

தனுஷ்கோடி மைக்கைப் பிடித்தார். "தியாகிகள் பலவிதம். நாட்டுக்காகப் பட்டினி கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறோம். நமக்காகச் சாப்பிட்ட ஒரே தியாகி இந்தத் தாயார்தான். நாம் கேட்பது சலுகை அல்ல, உரிமை. விலைவாசி ஏறும்போது ஏறாத ஓய்வூதியம் ஓய்வூதியமே அல்ல, அது பிச்சை என்று நான் இந்த மேடையில் அறுதியிட்டுச் சொல்லிக்கொள்கிறேன்."

கைதட்டினார்கள். மாதம் இரண்டாயிரம் வாங்கும் வேலுத்தாயும் எல்லோரும் தட்டுகிறார்களே என்று தட்டினாள்.

பன்னிரண்டு தீர்மானங்கள். எட்டாவது, ரயிலில் முதியோர் சலுகை. ஒன்பதாவது, சத்துணவுப் பணியாளர்கள் முதலான சிறப்பு ஓய்வூதியர்களுக்கும் அகவிலைப்படி. எட்டு வாசித்து முடித்ததும் இலை போட்டாயிற்று என்று சமையல்காரர் வந்து சொன்னார். சர்க்கரைக்காரர்கள் அதிகம் உள்ள சபை. நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டன.

பந்தியில் தனுஷ்கோடி அவள் இலைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "நல்லாச் சாப்பிடுங்க தாயி" என்றார்.

"அய்யா, அவுகளுக்கு மருந்து தீந்து இருவது நாளாச்சு. ராத்திரி படுக்க முடியலை. உக்காந்தே இருக்காக. அத மட்டும் மாசாமாசம் வாங்கிக் குடுத்தா..."

"சங்கத்துக்குச் சட்டதிட்டம் இருக்கே தாயி. மாதிரிக் குடும்பம்னா குடுக்கலாம். இப்ப நீங்க தனிநபர். தனிநபருக்குக் குடுத்தா ஆடிட்ல கேப்பான். அடுத்த தடவை உங்க வீட்டை எடுத்தா முத ஆளா நான் வந்து நிப்பேன்."

"அதுவரைக்கும் மூச்ச நிப்பாட்டி வைக்கச் சொல்லட்டுமா அய்யா?"

தனுஷ்கோடிக்கு அது காதில் விழுந்தது. அடுத்த இலைக்காரர் பாயசம் வரவில்லை என்றதும் அங்கே போய்விட்டார்.

மறுவாரம் மனுவுக்குப் பதில் வந்தது. முனியராஜ் அதை வாசித்துக் காட்டினான். தாங்கள் தற்போது பெற்றுவரும் இரண்டாயிரம் ரூபாய் ஓய்வூதியத்திலேயே ஆட்டுக்கறி, ஆப்பிள் உள்ளிட்ட உணவும் உரிய மருத்துவமும் பெற்று, மாதம் பதினாலாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் செலவு செய்து நல்வாழ்வு வாழ்ந்து வருவது அரசின் ஆய்வில் நிரூபணமாகியுள்ளது. ஆகவே தங்களுக்கு அகவிலைப்படிக்கான தேவை எழவில்லை. இரண்டாயிரத்தில் பதினாலாயிரத்துக்கு வாழும் தங்கள் திறன் பாராட்டுக்குரியது.

"என்னலே எழுதியிருக்கான்?"

"நல்லாச் சாப்பிட்டியாம். அதுனால கெடையாதாம்."

அந்த ஆய்வின் நகலை வாங்கிவந்தால், பணம் எங்கிருந்து வந்தது என்று காட்டி மேல்மனு போடலாம் என்று யாரோ சொன்னார்கள். மறுபடி சாத்தூர், மறுபடி விருதுநகர். கனகசபாபதி ஓய்வு பெற்றுப் போயிருந்தார். அவர் இருந்த இடத்தில் இன்னும் யாரையும் போடவில்லை. குமாஸ்தா விதியை எடுத்துக் காட்டினார். குடும்பங்களின் நுகர்வு விவரம் பரம ரகசியம். யாருக்கும் தர முடியாது.

"என் வீட்டு விவரம்தான சார்."

"யாருக்கும்னா அதுல நீங்களும்தாம்மா அடக்கம்."

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. ஆர்டர் குவிந்து கம்பெனிகள் ஆள் கிடைக்காமல் தவித்தன. வேலுத்தாய் முனியராஜின் கம்பெனிக்குப் போய்க் கேட்டாள். பூச்சட்டிக்கு மருந்து நிரப்பும் ரூமில் எடுத்துக்கொண்டார்கள். வீட்டு மருந்துக்கு வேலை, வேலையிலும் மருந்து.

"உனக்கு எதுக்கும்மா இந்த வயசுல? அதுவும் அந்த ரூம்ல" என்று முனியராஜ் சத்தம் போட்டான்.

"உன் அட்வான்ஸ் கழியிற வரைக்கும் உங்கய்யா மூச்சு காத்துக் கெடக்குமாலே? சும்மா வா, வேன் வந்துருச்சு."

அலுமினியப் பொடி பறக்கும் ரூம். சாயங்காலம் வெளியே வந்தால் கை, முகம், புருவம் எல்லாம் வெள்ளி பூசியதுபோல் இருக்கும். முதல் வாரக் கூலியில் ஒரு இன்ஹேலர் வாங்கினாள். முத்துக்கருப்பன் அதை வாயில் வைக்கும்போது அவள் கையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாண்டிமுருகன் வந்தான். வழக்கமான தண்ணீரை வாங்கி, குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். நிறைவுப் படிவம் ஒன்று பாக்கியாம். ஒரே கேள்வி. ஆய்வுக் காலத்துக்குப் பின் உங்கள் குடும்பத்தின் வாழ்க்கைத் தரம்: உயர்ந்தது, மிகவும் உயர்ந்தது, மாற்றமில்லை. ஏதாவது ஒன்றைச் சொல்லி, விரல்ரேகை வைத்தால் ஃபைல் மூடிக்கொள்ளும்.

"கீழ போயிருச்சுன்னு போடுங்க சார்."

"அப்படி ஒரு கட்டம் இல்லைம்மா."

"ஏறத்தான் படி வச்சிருக்கீக. எறங்கப் படி வைக்கலையே."

"மாற்றமில்லைன்னு வச்சுக்கிடலாமாம்மா? எனக்கும் இத முடிச்சாகணும்."

அவன் மேல் வேலுத்தாய்க்கு வருத்தம் இல்லை. டீ வாங்கிக் கொடுத்த பிள்ளை. "உள்ள போய் அவுக மூச்ச ஒருதரம் கேட்டுட்டு வாங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, மாத்தமில்லைன்னு. ரேகை வைக்கேன்."

பாண்டிமுருகன் உள்ளே போகவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு, டேப்லெட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினான். ஃபைல் மூடாமல் கிடந்தது.

அது யாருடைய ஃபைல் என்பது அடுத்த மாதம் தெரிந்தது. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும். ஆறரை மணிக்கு வேலுத்தாய் வேனை விட்டு இறங்கி வந்தால், வீட்டு வாசலில் கனகசபாபதி உட்கார்ந்திருந்தார். மத்தியானம் மூன்று மணிக்கே வந்துவிட்டாராம். சால்வை இல்லை. சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. உள்ளே கட்டிலில் இருந்து முத்துக்கருப்பனின் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. மூன்றரை மணி நேரமாக அதை அவர் கேட்டிருக்க வேண்டும்.

"அம்மா, என் காலத்து ஃபைல் ஒண்ணு மூடலைன்னு நிலுவையின்மைச் சான்று குடுக்க மாட்டேங்கிறாங்க. அது இல்லாம பணிக்கொடை இல்லை, பென்ஷன் இல்லை. மூணு மாசமா ஒரு பைசா வரலை. கை ரொக்கம் பூராம் கரைஞ்சு போச்சு. இத இப்படி விட்டா எப்படிம்மா மனுசன் வாழுறது? விலைவாசி என்ன விக்கிது தெரியுமா? சர்க்கரை மாத்திரை எம்புட்டு ஏறியிருக்குன்னு பாத்தீங்களா?"

"எம்புட்டு சார் ஏறியிருக்கும்?"

"இருவது சதவீதம். கூசாம வாங்குறான்."

"உங்க ஆபீஸ்ல கேட்டா நாலுதான்னு சொல்லுவாகளே."

அந்த மனுஷருடைய கண் கலங்கியிருந்ததை வேலுத்தாய் பார்த்தாள். கலங்கிய கண்ணைப் பார்த்ததும் வழக்கமாக அவள் மனசு இளகிவிடும். இப்போதும் இளகப் பார்த்தது. அவர் அவசரமாகப் பையிலிருந்து டேப்லெட்டை எடுத்தார். பாண்டிமுருகனிடம் கெஞ்சி ஒரு நாளைக்கு மட்டும் வாங்கி வந்ததாம். மூன்று கட்டங்களும் திரையில் அப்படியே இருந்தன.

"எதையாவது நானே தொட்டுக்கிடுதேன். நீங்க விரலை மட்டும் வச்சாப் போதும்."

அவள் வெள்ளியாக மின்னிய விரலை நீட்டி வைத்தாள். ரேகை தெளிவாக இல்லை, கையைச் சுத்தம் செய்து மீண்டும் வைக்கவும் என்றது டேப்லெட். மறுபடி வைத்தாள். மறுபடியும் அதையே சொன்னது.

"சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்கம்மா. நான் இருக்கேன்."

வேலுத்தாய் தொட்டியடிக்குப் போனாள். ஒரு செம்பு மோந்து ஊற்றினாள். இடது கையை வலது கையாலும், வலது கையை இடது கையாலும், விரல் விரலாக, நகத்திடுக்காக, ஒரு அவசரமும் இல்லாமல் தேய்த்தாள். தண்ணீர் வெள்ளி நிறத்தில் ஓடியது. கை அப்படியே இருந்தது. இன்னொரு செம்பு மோந்தாள். இருட்டிக்கொண்டு வந்தது. அவர் நாற்காலியில் நெளிந்துகொண்டே, ஏழரைக்குக் கடைசி பஸ் என்றார்.

"சோத்துக்கு உலை வைக்கணும், அவுகளுக்கு மருந்து குடுக்கணும். அதுக்கப்புறம் வந்து இன்னொருக்க கழுவிப் பாக்கேன்" என்றாள் வேலுத்தாய். "அவசரப்படாதீக சார். இது லேசுல போற பொடியில்ல."